எங்கள் வீட்டுப் போர்வை

சாவைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டால் எவன் வருவான்? டாக்டர் வேதசிரோமணிக்கு அது உறைக்கவே இல்லை. பிழைக்க வழியில்லாத நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா, கூடாதா? ஜனங்களின் எண்ணத்தை அறிய அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி. "நீங்கதான் டிராயிங் டீச்சராச்சே, ஜோடிச்சுக் குடுங்க சாராள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நடுவில் ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு. பக்கத்தில் இரண்டு பானைகள். ஒன்றில் 'சொல்ல வேண்டும்', மற்றதில் 'சொல்லக் கூடாது' என்று எழுதினேன். வருகிறவர்கள் எதிலாவது ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். முதல் நாள் ஒருவரும் உள்ளே வரவில்லை. பள்ளிக்கூட ஆயா எல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ டீச்சர், பொணம் கெடத்துற மாதிரி கீதே!" என்று அலறினாள். மறுநாள் அவசரமாக வீட்டிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட போர்வையைக் கொண்டுபோய் விரித்தேன். வீடு மாதிரி ஆனதும் ஜனங்கள் வந்தார்கள்.

அது என் வீட்டுக்காரர் ஞானையாவின் போர்வை. அவருக்கு வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று இதே டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். நான் அவரிடம் அல்சர் என்றேன். நோயாளியிடம் எந்த வீட்டில்தான் சொல்கிறார்கள்? சொன்னால் அன்றைக்கே விழுந்துவிடுவாரோ என்று எனக்குக் குலைநடுக்கம்.

சாயங்காலம் பார்த்தால், ஹால் வாசலில் அவரே நிற்கிறார்! அந்த உடம்போடு பொழிச்சலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். கர்த்தரே!

"நீ ஜோடிச்சதப் பாக்கணும்னு தோணிச்சு" என்றார். கட்டிலருகே போய், நான் ஒட்டுப் போட்டிருந்த போர்வை முனையைத் தடவினார். "இது நம்ம வீட்டுது இல்ல?"

"அவசரத்துக்கு எடுத்தேங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் நகரவில்லை. பானைகளில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். தட்டிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தார். கூடாது, கூடாது என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. 'சொல்ல வேண்டும்' பானைக்குள் அது டக்கென்று விழுந்தது.

பிறகு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "சொல்லு சாராள். தனியா எத்தனை நாள் பயந்துகிட்டிருப்ப? என் கையப் புடிச்சிக்கோ."

பிடித்துக்கொண்டேன். என் கைதான் சில்லிட்டிருந்தது.

"அல்சர் இல்லீங்க" என்றேன்.