அண்ணன் வரைந்த முகம்

"எண்ணெ வைக்கிற பங்காளியெல்லாம் வாங்க, நேரமாவுது" என்று குரல் கொடுத்தபடி ரெத்தினம் கிண்ணத்தோடு கொல்லைப்பக்கம் வந்தார். வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டுத் தம்பி சேரனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுப் பிற்பகல் சம்பா நடவுக்காகச் சேற்று வயலில் தொளி ஓட்டிக்கொண்டிருந்தவன், டிராக்டர் ஸ்டீரிங்கிலேயே சாய்ந்துவிட்டான். வரப்பில் முட்டி நிற்கும்வரை வண்டி தன்பாட்டுக்குப் போயிருக்கிறது. மாரடைப்பு என்று குடவாசலில் டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகாதவன். கடைசிவரை அண்ணி கையால்தான் சாப்பிட்டான்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் பங்காளிகள் ஒவ்வொருவரும் புறங்கையால் எண்ணெய் தொட்டு மூன்று முறை தலையில் வைக்க வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, அது உயிரோடு இருப்பவர்களுக்கு. ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிபம்புப் பக்கம் தயாராகத்தான் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் பிரபு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஆளுக்கொரு ஜோடி வெள்ளை ரப்பர் கையுறை கொடுத்துக்கொண்டிருந்தான். ரெத்தினத்தின் பெரியப்பா மகன் தெட்சிணாமூர்த்தியின் பையன் அவன், மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறவன்.

"என்னடா இது?"

"க்ளவுஸ் சித்தப்பா. கடையிலேருந்து எடுத்தாந்தேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

பிரபு தன் அப்பாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"இல்ல... சேரன் சித்தப்பாவுக்கு அந்தச் சீக்கு இருந்துச்சுல்ல. வாயி மூக்குலேருந்து எதாச்சும் வந்துச்சுன்னா... ஒரு சேஃப்டிக்குத்தான்."

"எந்தச் சீக்கு?"

கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் டீக்காக நிறுத்தியிருந்தார்கள்.

"எந்தச் சீக்குடா?"

தெட்சிணாமூர்த்தி வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "விடு ரெத்தினம். சின்னப்பய, தெரியாம வாய விட்டுட்டான். இருவது வருசமா நாங்க யாராவது அதப்பத்திப் பேசியிருக்கமா? நீ செவுத்துல எழுதிவச்சபடிதான நடந்துக்கிட்டோம்? ஒதுக்குனமா? தனி டம்ளர் குடுத்தமா?"

சுவர் என்றதும் ரெத்தினத்துக்குப் புரிந்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்துச் சுவர்தான். இருபது வருடத்துக்கு முன்னால், எய்ட்ஸ் விழிப்புணர்வு ஓவியம் என்று பெயிண்டரான ரெத்தினத்துக்குச் சுகாதாரத் துறையிலிருந்து நான்கு ஊருக்கு வேலை கொடுத்தார்கள். மற்ற பெயிண்டர்களெல்லாம் மண்டையோடும் பாம்பும் எழுதித் தள்ளிக்கொண்டிருந்த காலம். வேலை கொடுத்த அம்மாள் மட்டும், "பயமுறுத்தாதீங்க ரெத்தினம். ஒரு மனுசன வரைங்க. நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கணும்" என்று கேட்டுக்கொண்டார். ரெத்தினத்துக்குக் கற்பனையில் முகம் வராது. எதிரில் ஆள் உட்கார வேண்டும். டிராக்டர் ஓட்டிவிட்டு வந்த தம்பியைப் பெயிண்ட் டிரம்மின் மேல் உட்கார வைத்தார். "மீசைய மட்டும் கொறைச்சுடாதண்ணே" என்று அவன் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டும் பெண்ணுக்குத் தன் மனைவி காத்தாயியின் முகத்தையே வைத்தார். கீழே பெரிதாக எழுதினார்: தொட்டால் ஒட்டாது. இவரும் நம்மில் ஒருவர். ஒதுக்காதீர்கள்.

அவர் வரைந்த படங்களிலேயே அதுதான் படம். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம், "அடேய், நம்ம சேரன்டா!" என்று வாயைப் பிளந்தார்கள். ரெத்தினம் ஏணியின் மேல் நின்றபடி அதைக் கேட்டுக் குளிர்ந்துபோனார். அச்சு அசலாக வந்திருக்கிறது என்று பாராட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். மனுசன் அதற்கு மேல் என்ன நினைப்பான்?

"அண்ணே, அது அவன் மூஞ்சி மட்டும்தாண்ணே" என்றார் இப்போது. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "வரையறதுக்கு ஆளு வேணும்னு உக்கார வச்சேன். அவ்வளவுதான்."

"சரிப்பா."

"என்ன சரி? அவனுக்கு ஒண்ணுமே இல்லண்ணே!"

தெட்சிணாமூர்த்தி தலையை ஆட்டினார். காய்ச்சல்காரன் பிதற்றும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல். "சொந்தத் தம்பிய யாரு ரெத்தினம் சும்மா அப்படி வரைவாங்க? எங்க தம்பிய ஒதுக்கிடாதீங்கன்னு நீ ஊரக் கெஞ்சி எழுதுனதாத்தான் நாங்க எடுத்துக்கிட்டோம். எங்கப்பா அன்னிக்கே எல்லாத்தையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, அந்தப் பையன் மனசு நோவ ஒரு வார்த்த வரக்கூடாதுன்னு."

ரெத்தினத்தின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து, எண்ணெய் மணிக்கட்டு வரை இறங்கியது. சேரனுக்குப் பேசிய திருவாரூர்ப் பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். திருவையாற்றிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரைகூட வரவில்லை; வழியிலேயே யாருக்கோ உடம்புக்கு முடியாமல் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகும் மூன்று இடம் வந்து கலைந்தது. எல்லோரும் அந்த நிறுத்தத்தில்தானே இறங்கியிருப்பார்கள்! காத்தாயி ஏறி இறங்காத கோயில் இல்லை. ஒருநாள் கோபத்தில், "ஒனக்கு ராசி அவ்வளவுதான்டா, எந்திரிச்சுப் போடா" என்று ரெத்தினமே தம்பியின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அவன் எழுந்து போய் டிராக்டரைக் கழுவினான்.

டீக் கேனைத் தூக்கிக்கொண்டு அம்சம் கொல்லைப்பக்கம் வந்தாள். நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள். விடிகாலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ரெத்தினம் அவளை வழிமறித்தார்.

"அம்சம், நீயுமா அப்படி நெனச்ச?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேனைக் கீழே வைத்தாள்.

"ஊரே நெனச்சதுதானண்ணே."

"அவன் தெனமும் ஒங்கடையிலதான டீ குடிப்பான். ஒரு வார்த்த அவங்கிட்ட கேட்டியா?"

"நான் எங்கண்ணே கேக்குறது, ஒங்க தம்பி அவுங்களே சொன்னாங்க. எங்கண்ணன் படத்துக்கு ஒரு மூஞ்சி வேணும்னு ஒக்கார வச்சிச்சு, எனக்கு ஒண்ணும் இல்லன்னு. ஒருதடவ தஞ்சாவூர் போயி டெஸ்ட் எடுத்து, சீட்டக்கூட கொண்டாந்து காட்டுனாங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கடையில இருந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? சீட்டுல என்ன எழுதியிருந்தா என்ன சேரா, நாங்க ஒன்ன ஒதுக்கவா போறோம்னு சொல்லிட்டு, அவுங்களுக்கும் சேத்து டீ சொன்னாங்க. நானுந்தான் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவுங்க அந்தப் பேச்சையே எடுக்கல."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேடி!"

"நாஞ் சொல்லட்டான்னு கேட்டேண்ணே. வேணாம்னுட்டாங்க. அண்ணன் போட்டதுலயே அந்தப் படம்தான் உசத்தின்னு பெருமையா இருக்கு, தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும்னாங்க."

ரெத்தினம் தம்பியின் பக்கம் திரும்பினார். அழுகை வரவில்லை. பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காத்தாயி ஒப்பாரியை எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குத் தெரியாததா என்று எண்ணி அவளிடமும் ஒருவரும் சொன்னதில்லை.

"அந்தப் படத்துல சோறு ஊட்டுறது நாந்தான?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரெத்தினம் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"சீக்காளிக்குச் சோறு போடுறேன்னுதான் எல்லா பொம்பளையும் என்னைய மகராசி, மகராசின்னாளுவ." அவள் கொழுந்தனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தை ரெத்தினத்தை எங்கேயோ கிள்ளிவிட்டது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பங்காளிகளுக்கு முன்னால் போய் நின்றார். வாசலில் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! என் தம்பிக்கு எந்தச் சீக்கும் கெடயாது! எங்கையாலதான் நான் அவன் வாழ்க்கைய அழிச்சிருக்கேன். அவன் சுத்தமான ஆளு. சுத்தமா..."

அங்கேயே நாக்கு நின்றுவிட்டது. சுத்தமா என்று சொன்னால், அந்தச் சீக்கு உள்ளவன் அசுத்தம் என்றாகிறது. அதை இல்லை என்று எழுதியதும் இதே கைதான். ஏணியில் ஏறி இறங்கி, எழுத்துக்குச் சிவப்புக் கரை கட்டி எழுதியது. பிறகு கேட்டது கட்டளையாக இல்லை, கெஞ்சலாகத்தான் வந்தது.

"அதக் கழட்டுங்கய்யா. கடைசியா ஒருதடவ வெறுங்கையால தொடுங்க."

பிரபு அப்பாவின் காதில் ஏதோ முணுமுணுத்தான். தெட்சிணாமூர்த்தி அவனை முறைத்தார். பிறகு வலது கைக் கையுறையைப் பிடித்து இழுத்தார். வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் விரல் விரலாகக் கழன்றது. அதைப் பிரபுவின் பெட்டியிலேயே போட்டார்.

"நீ சொன்னா சரி ரெத்தினம். இல்லன்னா இல்ல. இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்."

அவர் குனிந்து எண்ணெயைத் தொட்டார். புறங்கையால் வைக்கவில்லை. உள்ளங்கை முழுவதையும் சேரனின் தலையில் வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. மூன்று முறைக்கான நேரத்துக்கும் அதிகமாகவே வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர் கழற்றினார், அதற்கடுத்தவரும். ஒருவர் நெற்றியைத் தடவினார். ஒருவர் கன்னத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முறையை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசியாகப் பிரபு வந்தான். கண்ணை ஒருகணம் இறுக்க மூடி, பச்சைத் தண்ணீரில் இறங்குகிறவனைப் போலக் கையை வைத்தான்.

வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் நிமிர்ந்து ரெத்தினத்தைத்தான் பார்த்தார்கள். அவர் பார்த்தாரா என்று பார்த்தார்கள்.

ரெத்தினம் ஒவ்வொருவருக்கும் தலையை அசைத்தார்.