நகராத பெஞ்சு

பூங்காவின் நாற்பத்திரண்டு பெஞ்சுகளில் நாற்பத்தொன்று தாமாகவே வெளியேறிவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதப்பட்ட கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: தலைமையில் பூங்கா மேற்பார்வையாளர், குறிப்பெழுத அவருடைய தங்கை, ஓய்வுபெற்ற நில அளவையாளர், பெஞ்சுகளைச் செய்துகொடுத்த தச்சர், கடைவீதிப் பேக்கரிக்காரர், நகராட்சி எழுத்தர் ஒருவர். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம்.

நூற்றிருபது ஏக்கர் காடும் நடுவில் ஓர் ஏரியும் கொண்ட அந்தப் பூங்கா மேற்பார்வையாளருடைய குடும்பச் சொத்தாக இருந்தது. அதைப் பொதுமக்களுக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய தந்தை கடைசியாகச் சொன்னது. நுழைவுக் கட்டணம் எக்காலத்திலும் வாங்கக் கூடாது என்பது தானப்பத்திரத்தின் முதல் நிபந்தனை. தம்பிக்கு மட்டும் ஏரிக்கரையில் ஒரு துண்டை விடுதிக்காரருக்கு விற்றுவிடலாம் என்று எண்ணம். "அப்பா பேரைக் காப்பாத்துறேன்னு நம்மள நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்கண்ணா" என்றார். "கையெழுத்துப் போடு, இல்லன்னா கிளம்பு" என்றார் அண்ணன். தம்பி இரண்டையும் செய்தார். கையெழுத்துப் போட்டார், ஒரு பையோடு கிளம்பினார். ஒரு வருடம் கடிதம் வரவில்லை. முடிவெட்டும் கடையில் யாரோ தம்பியைப் பற்றி விசாரித்தபோது, சோப்பு நுரை பூசிய முகத்தோடு மேற்பார்வையாளர், "வெளியூர்ல காய்ச்சல்ல போயிட்டான்" என்றார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் கடிதம்கூடப் போடவில்லை என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது. மூன்று வாரம் ஊரே வந்து துக்கம் விசாரித்தது. அவர் கஞ்சி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். உண்மை தெரிந்த தங்கை வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. சாப்பாடு ஆறுது, மழை வருது, விளக்கை அணைச்சிடலாமா என்று சுவரைப் பார்த்துப் பேசுவாள். ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் அப்படியே கழிந்தது.

அதற்குள் ஏரியின் மரப்பாலம் உளுத்துவிட்டது. நடைபாதையை ஒரு பருவ மழை அரித்துக்கொண்டு போனது. கழிப்பறை இருந்த இடத்தை மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். நகராட்சியிடம் போய் நின்றால், கட்டணம் போடுங்கள் என்றார்கள். கொடுத்ததற்குக் கூலி கேட்கிற குடும்பம் அது இல்லை. ஆகவே மேற்பார்வையாளர் ஒரு திட்டம் போட்டார்: இறந்துபோனவர்கள் பெயரில் பெஞ்சு வைக்கலாம். முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு. பெஞ்சின் செலவு போக மீதி, சீரமைப்புக்கு. முன்மாதிரியாக முதல் பெஞ்சை அவரே வைக்க வேண்டியிருந்தது. தந்தையின் பெயர் ஏற்கெனவே நுழைவாயிலில் பெரிதாக இருந்தது. வேறு இறப்பு கைவசம் இல்லாததால் தம்பியின் பெயரைப் பொறித்தார்.

இரண்டாம் மாதம் பெஞ்சுகள் நகரத் தொடங்கின. நாளுக்குப் பதினோரு அடி. நகர்வதை யாரும் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் நகர்ந்திருக்கும். உட்காருபவர் பார்க்கும் திசையிலேயே, மனிதர் நடப்பதுபோல முகம் முன்னாகப் போகும். பேக்கரிக்காரருடைய அம்மாவின் பெஞ்சு பேக்கரி வாசலுக்கு வந்து கண்ணாடிப் பெட்டியை ஒட்டி நின்றது. பள்ளி ஆசிரியையின் பெஞ்சு அவருடைய வீட்டு முற்றத்துக்குப் போனது. பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய பெஞ்சு மட்டும் தன் வீட்டைத் தாண்டி இரண்டாம் தெருத் தையற்காரி வீட்டு முன்னால் போய் நின்றது. அவருடைய மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஓவர்டைம் ஓவர்டைம்னு இங்கதான் பார்த்திருக்காரு" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தையற்காரி இரண்டு காப்பி கொண்டுவந்தாள்.

முதல் வாரங்களில் வண்டி வைத்துப் பெஞ்சுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவை மறுபடியும் கிளம்பின. பிறகு விட்டுவிட்டார்கள். விஷயம் பரவியதும் பெஞ்சு கேட்டு வரிசை நின்றது. யாருக்குத்தான் தம் மனிதர் வீடு திரும்ப வேண்டாம்? பாலம் புதிதாயிற்று. நடைபாதைக்குக் கல் பாவினார்கள். கழிப்பறையில் கண்ணாடிகூடப் பதித்தார்கள். அதில் முகம் பார்க்கத்தான் ஆளில்லை. மாலையானால் எல்லோரும் அவரவர் வாசலில் அவரவர் பெஞ்சில் இருந்தார்கள். அந்தப் பூங்கா அவ்வளவு அழகாக அதற்கு முன் இருந்ததில்லை, அவ்வளவு காலியாகவும் இருந்ததில்லை. மேற்பார்வையாளர் புதுப் பாலத்தில் நடந்தால் அவருடைய செருப்பொலி அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

ஏரிக்கரையில் ஒரே ஒரு பெஞ்சு மிஞ்சியது. அந்தக் கூட்டத்தில் நில அளவையாளர் வரைபடத்தை விரித்தார். "தரை சமம். தடங்கல் எதுவும் இல்ல. மத்ததெல்லாம் போன கணக்குக்கு இது போன வருஷமே உங்க வீட்டுக்கு வந்திருக்கணும்."

"அண்ணன் தம்பிக்குள்ள என்ன மனத்தாங்கலோ" என்றார் பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே.

தச்சருக்குச் சுருக்கென்றது. "என் மரத்துல குறை இல்ல சார். எல்லாம் ஒரே மரம், ஒரே ஆணி. ஆளு செத்திருந்தா பெஞ்சு போயிருக்கும்."

மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லத் தக்க விஷயம் அல்ல என்று நினைத்திருக்கலாம். "சாகலை. நான்தான் போகச் சொன்னேன். போயிட்டான். செத்துட்டான்னு சொன்னது பொய்."

தங்கை அதை ஒரு சொல் விடாமல் குறிப்பேட்டில் எழுதினாள். எழுத்தர் தொண்டையைச் செருமினார். "விதிப்படி பெஞ்சு இறந்தவங்களுக்குத்தான். தகட்டைக் கழட்டிடணும்."

"கழட்ட வேணாம்" என்றாள் தங்கை, எழுதுவதை நிறுத்தாமல். "அது நகராத வரைக்கும் அவன் எங்கயோ சாப்பிட்டு, தூங்கி, நல்லா இருக்கான்னு எங்களுக்குத் தெரியும். வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வாக்கெடுப்பு நடக்கவில்லை. தகடு அப்படியே இருந்தது.

பொய் சொன்னவர் என்று ஊர் கொஞ்ச நாள் அவரைப் பேசியது, பிறகு சலித்துவிட்டது. அவர் மூன்று செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார். பழைய விலாசங்களுக்கு எழுதினார். எல்லாம் முத்திரையோடு திரும்பி வந்தன. ஆகவே தினமும் காலையில் சுண்ணாம்புக் கட்டியோடு ஏரிக்கரைக்குப் போய், பெஞ்சின் நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட்டார். மழை அழித்த கோட்டை மறுநாள் புதுப்பித்தார். கால்கள் கோட்டுக்குள்ளேயே இருந்தால் வீட்டுக்கு வந்து இரண்டு இட்டிலி கூடுதலாகச் சாப்பிடுவார். பதினோரு வருடம் அப்படிப் போயிற்று. அந்தப் பதினோரு வருடமும் அவர் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. தம்பி உயிரோடிருக்கும்போது அது யாருடைய இடமும் இல்லை என்பது அவர் கட்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல். தங்கைதான் ஏரிக்கரைக்குப் போனாள். திரும்பி வந்தவள் அறை வாசலில் நின்றாள்.

"அண்ணா, பெஞ்சு நகர்ந்திருக்கு."

"எவ்வளவு?"

"பதினோரடி. நம்ம வீட்டப் பாத்து."

ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு மூவாயிரத்து நானூறு அடி. பத்து மாதம் ஆகும் என்று நில அளவையாளர் கணக்குப் போட்டுத் தந்தார். காய்ச்சல் இறங்கியதும் மேற்பார்வையாளர் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் அது எங்கே இருந்ததோ அங்கே போய் உட்கார்ந்தார். வாழ்நாளில் சாலையோரம் உட்கார்ந்திராத மனிதர், டயர் கடை முன்னால் பத்து நாள் இருந்தார், மருந்துக்கடை முன்னால் எட்டு நாள், பேருந்து நிறுத்தத்தில் ஏழு நாள். ஓட்டுநர்கள் நாலடி தள்ளி வண்டியை நிறுத்தினார்கள். துக்கம் விசாரிக்க இரண்டாவது முறையாகவும் சிலர் வந்தார்கள். பக்கத்தில் உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். சட்டைக்குக் கஞ்சி போடுவதை எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் நினைவில்லை. தம்பி எங்கே, எப்படி இறந்தார் என்று எந்தச் செய்தியும் வரவில்லை. கிளம்பிய ஊர் தெரியாவிட்டாலும் வந்துகொண்டிருக்கிற வழி தெரிந்தது.

பெஞ்சு வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றுவிட்டதென்றும், அண்ணன் அதன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்ட பிறகே உள்ளே வந்ததென்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. பெஞ்சின் நீளம் ஐந்தடி, வாசல் மூன்றரை அடி. தச்சருக்கு வேறு வேலை இருந்ததால் மூன்றாம் நாள்தான் வந்து நிலையைப் பெயர்த்தார். மறுநாள் காலை பெஞ்சு கூடத்தில் இருந்தது.