ஜன்னல் விளிம்பில் ரவுட்டர்

நெதர்லாந்தில் ரவுட்டருக்கு இடம் வாசலை ஒட்டிய மீட்டர் அலமாரிதான். கேஸ் மீட்டர், மின்சார மீட்டர், பழைய குடைகளோடு அதையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். திரை போடாத பெரிய ஜன்னல் வழியாகத் தெருவே கூடத்தைப் பார்க்கும்போது, ஒயரும் பெட்டியுமாகத் தெரிந்தால் மானம் போய்விடாதா? பெரியவர் வீப்ரனின் மனைவியும் உயிரோடு இருந்தவரை அதைக் கண்ணில் படவிட்டதில்லை.

ஞாயிறு காலை காபி வேளையில் மகள் நின்கே நியூசிலாந்திலிருந்து வீடியோவில் வருவாள். மனைவி இருந்தபோது பேச்செல்லாம் அவளுடையதுதான். இவர் ஓரமாக நின்று கையை ஆட்டிவிட்டுப் போவார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், வீப்ரனிடம் நாலு வார்த்தை வாங்க முடியாது. இப்போது அந்த நாற்காலியில் இவர்தான். படமோ நிமிடத்துக்கொரு தரம் நின்றது.

"அப்பா, இப்படியே இருந்தா வேணாம்பா. நான் மெசேஜ் போட்டுடறேன்" என்று போன வாரம் நின்கே சொல்லிவிட்டாள்.

மனிதர் பதறிப்போனார். அந்த ஒரு காலையும் போய்விட்டால் வாரம் முழுக்க அந்த வீட்டில் குரல் என்று எதுவும் கிடையாது. மறுநாளே கடைக்குப் போய், இருப்பதிலேயே வேகமான ரவுட்டரை வாங்கிவந்து அதே அலமாரியில் வைத்தார். எந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும் படம் முன்பு போலவே நின்றது. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு பெர்தீனைக் கூப்பிட்டார்.

பெர்தீன் அலமாரியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "குதிரையை வாங்கி இரும்புப் பெட்டியில பூட்டி வச்சிருக்கீங்க, வீப்ரன்."

"புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தான்."

"ரவுட்டர் புதுசுதான், ஆறாம் தலைமுறை வைஃபை. உங்க லேப்டாப்ல இருக்கிறது நாலாம் தலைமுறை. அதுக்குத் தெரிஞ்ச பாஷையிலதான் ரவுட்டரும் இறங்கிப் பேசும். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில மட்டும். தெருவுல இருக்கிற வைஃபை மொத்தமும் அங்கதான் இடிச்சுக்கிட்டு நிக்குது. அஞ்சு கிகாஹெர்ட்ஸ்னா வேகம், ஆனா ரெண்டு சுவர் வந்தா மூச்சு வாங்கிடும். பெட்டியைக் கூடத்துல, ஜன்னல் விளிம்புல வைக்கணும்."

"ஜன்னல்லயா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"மக முகம் வேணுமா, ஜன்னல் அழகு வேணுமா?"

வீப்ரன் ஜன்னல் விளிம்பிலிருந்த இரண்டு பூஞ்சாடிகளையும் எடுத்துத் தரையில் வைத்தார். பெர்தீன் நீளக் கேபிளை இழுத்துப் பெட்டியை அங்கே வைத்தாள். லேப்டாப்பில் ஐந்து கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கும், கட்டைவிரல் அளவுள்ள ஒரு புது அடாப்டரைச் செருகினாள். காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது. நின்கே எதிரிலேயே உட்கார்ந்திருப்பது போல் தெரிந்தாள். அவள் புருவத்தின் ஓரத்தில் ஒரு நரைமுடி இருந்தது.

"அடேங்கப்பா, எவ்ளோ தெளிவா தெரியறீங்க."

"ம். பெர்தீன் பண்ணிக் குடுத்தா."

"அங்க மழையா?"

"மழைதான்."

"இங்கயும்." அவள் சிரித்தாள். "அப்புறம்ப்பா?"

அப்புறம் என்ன? இத்தனை மாதமாக "கேக்குதா", "தெரியுதா", "லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்புங்க" என்றே காலை கழிந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் இருவருக்கும் நடுவே பேச ஒன்றுமில்லை என்பது வீப்ரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கை மேசையிலிருந்து எழுந்தது. 'சரிப்பா, வைக்கிறேன்' என்பதற்கு முந்தைய அசைவு அது.

படம் நின்றுவிட்டது போல வீப்ரன் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார், வாய் பாதி திறந்து, காபிக் கோப்பை பாதி உயர்ந்து.

"அப்பா?" நின்கே திரைக்கு நெருங்கினாள். "நின்னுடுச்சா? அப்பா, கேக்குதா? அப்பா?"

எத்தனை அப்பா. அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. கண் எரிந்தது. தடுக்க முடியாமல் கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது.

நின்ற படத்தில் இறங்கிய அந்தக் கோட்டையே நின்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் வைக்கலப்பா" என்றாள். "படம் வர்றப்ப வரட்டும். இங்கயேதான் இருக்கேன்."