பிலாமூட்டில் கட்டிய ஆடு

பூங்கனி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தபோது எங்கள் ஆலயம் ஒரு முழம் பூமிக்குள் இறங்கியது. களியக்காவிளை வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பொய் சொல்வேனா?

கேட்டவர்களில் இதை நம்பாதவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் சபையில் வருஷா வருஷம் ஏலம் விளிக்கிற ராஜகுமார். நேற்று மழைக்குச் சாயாக்கடையில் ஒதுங்கியபோதும் தலையை ஆட்டினார்.

"வேய், புளுகுக்கும் ஒரு வரம்பு வேணும். ஆடு அவ கொண்டுவந்த காணிக்கை. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். நீங்களே கேளுங்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு ஜனம் கொண்டுவருகிற வாழைக்குலை, சேவல், பலாச்சக்கை எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவோம். உயிருள்ளதை முற்றத்துப் பலாமரத்தின் பிலாமூட்டில் கட்டவேண்டும். அந்தப் பிலாவின் அடியில் கட்டினது கர்த்தருக்கு. யாருடையது என்று கேட்பதே மரியாதைக்கேடு. போன வருஷப் பண்டிகையில் ஏலப்பணம் எங்கள் சபைத் தங்கப்பனுக்கு என்று முடிவு. கொத்தனார் வேலையில் சாரம் சரிந்து, இடுப்பொடிந்து கிடந்தான்.

பூங்கனி அண்டியாபீசில் முந்திரி உடைக்கிறவள். தனிக்கட்டை. ஆட்டை விற்றுக் கூரைக்கு ஓடு மாற்றுவதாக இருந்தாள். இரணியல் வியாபாரி ஆராதனை முடிந்ததும் ஆலயக் கேட்டுக்கு வருவதாகப் பேச்சு, என்னிடம்தான் சொன்னாள். ஆடென்றால் ஆடா அது? யானைக்குட்டிக்கு மாமன். பிந்தி வந்த அவசரத்தில் அதைப் பிலாமூட்டில் கட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஏலத்தில் ராஜகுமார் அதை நடுவில் இழுத்து வந்தார். "தங்கப்பனுக்காக வந்த ஆடு. ஆரு கேக்கது?"

என் பக்கத்தில் பூங்கனி எழுந்தாள். வாயும் திறந்துவிட்டது. அப்போது முன்வரிசையில் இருந்த தங்கப்பன் பெண்டாட்டி ஜின்சி திரும்பினாள். வேலித் தகராறில் பூங்கனியோடு பேச்சை விட்டவள். ஆட்டை அடையாளம் கண்டிருக்கவேண்டும். அழுதபடி பூங்கனியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

பூங்கனி உட்கார்ந்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"மக்கா, போய்ச் சொல்லு," என்றேன்.

"சும்மா இரும் அண்ணே. கூப்பின கையை எப்பிடிப் பிரிக்கது?"

தங்கப்பன் எழுந்து நடக்கிறவரை நானும் வாயைக் கட்டினேன்; எனக்கு அது வனாந்தரத்தில் நாற்பது வருஷம். இந்த ஆனி மழையில் பூங்கனி வீட்டுக்குள் பெய்தது போக மிச்சம்தான் ஊருக்குப் பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி வைத்தாள். அவள் கொடுத்தாளா, நாங்கள் பறித்தோமா? கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

"அப்போ அவகிட்ட நாம பிடுங்கிட்டோம், அதானே ராஜகுமாரு?" என்று நேற்றுச் சாயாக்கடையில் கேட்டேன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ராஜகுமார் சாயாக் கிளாசைக் கீழே வைத்தார்.

"பிடுங்கல வேய். ஏலம் முடிஞ்சு ஆட்டைக் கொண்டுபோக முன்னே அந்த வியாபாரி வந்து கேட்டான். அது அவ விக்கக் கொண்டுவந்த ஆடுன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. ஓடிப்போய், 'மக்கா, தப்பு எனக்க தப்பு, மைக்கில சொல்லித் திருப்பித் தாறேன்'னு சொன்னேன்."

"பொறவு?"

"'சொல்லப்பிடாது அண்ணே. இப்பிடி வந்த பைசான்னு தெரிஞ்சா தங்கப்பன் அதுல மருந்து வாங்க மாட்டான். நான் கொண்டுவந்ததாவே இருக்கட்டும்'னுட்டா. ரெண்டு தடவை கேட்டேன். ஓடு வாங்கிப் போட்டுத் தாறேன்னும் கேட்டேன். அதுக்குக் கோவம் வந்துட்டு அவளுக்கு."

"பின்னே எதுக்குவேய் என்னைப் புளுகன் ஆக்கினீரு?"

"அவ சொல்லச் சொன்னதைச் சொன்னேன்," என்றார். பிறகு, குரல் இறங்கி, "எழும்பினா வேய். நானும் கண்டேன். எழும்பினவ எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் உக்காந்தா. ஆலயம் இறங்கினது நடந்ததுதான்."