பாராட்டாகிப் போன புகார்

மே பதினேழுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. விழாவுக்கு உடுத்தும் பாரம்பரிய உடையான என் பூனாட் பாவாடையை இன்னும் காணோம்.

அம்மா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பூத்தையல் போட்டது. ஐந்து மாத வயிற்றுக்கு இடுப்பு எட்டாததால், பெர்கனில் இருக்கும் தையல்காரிக்குத் தபாலில் அனுப்பினோம். அவள் தளர்த்தித் திருப்பி அனுப்பி மூன்று வாரமாகிறது. அன்றைய தேசிய தின ஊர்வலத்துக்கு அம்மா வருவாள். அவள் எதிரில் ஜீன்ஸோடு எப்படி நிற்பேன்?

“தபால்காரங்களுக்குப் புகார் போட்டியே, பதில் வந்துச்சா?” என்று ஐவின்டிடம் கேட்டேன்.

என் கணவன் தயக்கத்தோடு கைபேசியை நீட்டினான். ‘தங்கள் பாராட்டுக்கு மிக்க நன்றி’ என்றிருந்தது.

“பாராட்டா? அப்படி என்னடா எழுதினே?”

கீழே அவன் கடிதம். ‘பனியிலும் மழையிலும் நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். எங்கள் பார்சல் ஒன்று சற்றுத் தாமதம். பெரிய விஷயமில்லை. நேரம் கிடைத்தால் பாருங்கள்.’ முடிவில் ஒரு சிரிப்பு முகம்.

“பாவம், அவங்க மனசு நோகக் கூடாதுல்ல, குன்வோர்.”

“என் மனசு நோகலாமா?”

அவனை இழுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த தூரிட் அக்கா கடிதத்தைப் படித்துக் குலுங்கிச் சிரித்தாள்.

“தம்பி, இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தான் புகார் எழுதுறீங்க. பார்சல் நம்பர், அனுப்பின தேதி, என்னிக்குள்ள வேணும், இந்த மூணும் முதல் வரியில வரணும். மேல ஒட்டின முகவரி கிழிஞ்சிருந்தா, பிரிச்சுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாங்க. அதனால உள்ள இருக்கிற எல்லாத்தையும் எழுது. ஒண்ணு விடாதே.”

“நீலப் பாவாடை, ஓரத்துல சிவப்புப் பூ” என்று நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பேனா நின்றது.

“அவ்வளவுதானே?” என்றாள் தூரிட்.

அவன் காது சிவந்தது. “இன்னொண்ணு இருக்கு. தையல்காரிக்கு ரகசியமா அனுப்பியிருந்தேன். பாவாடையோட சேர்த்து வைக்கச் சொல்லி... ஒரு ஜோடி குழந்தை சாக்ஸ். மஞ்சள். நானே பின்னினது.”

ஆபீஸில் கூட்டம் என்று சொல்லி அவன் தாமதமாக வந்த மாலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இருந்த கோபமெல்லாம் கரைய, காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

“அடையாளம் ஏதாவது?” தூரிட் விடவில்லை.

“ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது.”

“அதையும் எழுது!”

பதினைந்தாம் தேதி பார்சல் வந்தது. மேலே புதுப் பெட்டி, உள்ளே பத்திரமாக என் பாவாடை. கூடவே தபால் பிரிக்கும் நிலையத்திலிருந்து யாரோ கிறுக்கிய சீட்டு: ‘நீலப் பாவாடை இங்கே நான்கு கிடந்தன. சாக்ஸ்தான் காட்டிக் கொடுத்தது. குழந்தைக்கு வாழ்த்துகள்.’

பெரிய சாக்ஸை என் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தேன். சின்னதை ஐவின்ட் வயிற்றின் மேல் வைத்து அளவு பார்த்தான்.

“இப்பவாவது அவங்களுக்கு ஒரு பாராட்டு எழுதட்டுமா?”

“எழுது. பார்சல் நம்பரை முதல் வரியிலேயே போடு” என்றேன்.