பக்கத்து மணை

இடுப்பு மூட்டை மாற்றிய நாளிலிருந்து பத்மநாபனுக்கு எல்லாமே உயரத்தில்தான். உயரக் கட்டில், உயர நாற்காலி. தரையில் உட்காரவே கூடாது, முட்டி இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வைஜயந்தியோ எப்போதும்போலத் தரையில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்தாள், சாப்பிட்டாள், பேப்பர் படித்தாள். முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு இப்போது மனைவியின் வகிடு மட்டும்தான் தெரிந்தது. அந்த ஏக்கத்துக்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

2003 மார்ச்சில் காரடையான் நோன்பு வந்தது. கணவனைப் பிரியாதிருக்க வேண்டிக்கொண்டு, குறித்த நேரத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் நாள். வருஷாவருஷம் அவர்தான் பக்கத்து மணையில் உட்கார்ந்து கட்டிவிடுவார்.

"இந்த வருஷம் நானே கட்டிக்கறேன். நீங்க நாற்காலியிலேயே இருங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புனே பக்கத்துத் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் முப்பது வருஷம் ஒரு விதியைக்கூட மீறாத மனுஷர், அந்தச் சமயம் பார்த்து மெள்ளக் கீழே இறங்கினார்.

மணையில் உட்காரும்போதே இடுப்பில் மளுக்கென்றது. கத்தக்கூட மூச்சு வரவில்லை.

வைஜயந்தி போட்ட கூச்சலில் எதிர் வீட்டு அம்பி ஓடிவந்தார். "சுளுக்குதான் மாமி. காலைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தாச் சரியாயிடும்."

"தொடாதேங்கோ" என்றாள் வைஜயந்தி. "கால் குட்டையாயிருக்கு பாருங்கோ. முட்டி உள்பக்கமாத் திரும்பிடுத்து. டாக்டர் பயந்தாப்லயே மூட்டு நழுவியிருக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கோ."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மயக்கம் கொடுத்து, மூட்டை இழுத்துக் குழியில் உட்கார வைத்தார்கள். அவர் கண் விழித்தபோது இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணையைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் வைஜயந்தி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மடியில் நோன்பு அடை வைத்த டப்பா, அதன்மேல் சரடு.

"நேரம் தப்பிப் போயிடுத்தே. எல்லாம் என்னாலதான்" என்றார்.

"பக்கத்துல உக்காரணும்னு இருந்தா வாயைத் திறந்து சொல்லப்படாதா?"

நர்ஸ் முறைத்ததைப் பொருட்படுத்தாமல் அவள் கட்டிலில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். சரடை அவர் கையில் கொடுத்து, எட்டும்படி கழுத்தைத் தாழ்த்தினாள். அவர் முடிச்சுப் போட்டார்.

"இனிமே நீங்க கீழே இறங்க வேண்டாம்" என்றாள். "நான் மேலே வரேன்."