பிளேட்லெட்டும் பூச்சியும்

கொசு, கரப்பான், கரையான் என்று எதற்கும் மருந்தடிக்கிறவன் என்பதால் அவள் கணவனுக்குத் தெரு வைத்த பெயர் பூச்சி. அதில் அவனுக்குப் பெருமை வேறு. ரத்தப் பரிசோதனை செய்த இடத்திலிருந்து போன் வந்து, "உங்க மனைவிக்கு பிளேட்லெட் ரொம்பக் குறைஞ்சிருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றதும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிளேட்லெட் குறைந்தால் கொசுக்காய்ச்சல். அவனுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான்.

"என் வீட்டுலயே கொசுவா?" என்று மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான்.

எட்டு மாத வயிற்றோடு ஹாலில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குக் காய்ச்சலே இல்லையேங்க! உடனே வரச் சொன்னாங்க இல்ல?"

"இந்த ஒரு ரூம் மட்டும்."

"தலை வெடிக்குது. கண்ணுல பூச்சி பறக்குது."

"எங்க?" என்று குழாயை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்து வாடைக்குத் தலை வலிக்கத்தான் செய்யும் என்று ஆறுதல் வேறு சொன்னான். "நீங்க டேங்கைத் தொடறதுக்கு முன்னாடியே வலிக்குது!" என்று கத்தினாள். மேல்வயிறும் வலித்தது. போன வாரம் பிரஷர் கொஞ்சம் ஏறியிருப்பதாக நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்து, கோபத்துக்கு நடுவே பயம் பிடித்துக்கொண்டது. தானே வாடகைக் காரைக் கூப்பிட்டாள். டேங்கைக் கழற்றாமலே அவனும் ஏறிக்கொண்டான்.

டாக்டரம்மா பிரஷரை இரண்டு முறை பார்த்தார். "இது கொசு இல்லம்மா. கர்ப்பத்துல வர்ற ரத்தக்கொதிப்பு. நஞ்சுக்கொடியிலேருந்து கிளம்பி, ரத்தக்குழாயோட உள்பக்கத்தையெல்லாம் புண்ணாக்குது. புண்ணான இடத்துல பிளேட்லெட் போய் ஒட்டி ஒட்டியே தீர்ந்துபோகுது."

"எதை அடிக்கணும் டாக்டர்?" என்றான் பூச்சி.

"அடிக்க ஒண்ணும் இல்ல. குழந்தைய எடுத்தாத்தான் அடங்கும். காத்திருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

பிளேட்லெட் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஆபரேஷனுக்கு முதுகில் மரப்பு ஊசி போட முடியாதாம், முழு மயக்கம்தான். அப்படியென்றால் முதல் அழுகையை அவள் கேட்க மாட்டாள். மாதக்கணக்காக அவள் ஆசையெல்லாம் அந்த ஒரு சத்தத்தின் மேல்தான். தள்ளுவண்டியில் படுத்தபடியே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளியில நின்னு நல்லாக் கேளுங்க. எப்படி அழுதுச்சோ அப்படியே எனக்கு அழுது காட்டணும். இதையாவது ஒழுங்காச் செய்யுங்க."

கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. பக்கத்தில் அவன்.

"அழுதுச்சா?"

"பொண்ணு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க."

"அழுதாளான்னு கேட்டேன்."

வார்டில் நாலு பேர் இருந்தார்கள். பூச்சி வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தான். பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிசாக ஒரு சத்தம். நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி கோபமாக இன்னொன்று. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை."

ஆரம்பித்தான். பாதியில் குரல் உடைந்து, நிஜமாகவே தேம்பத் தொடங்கிவிட்டான்.

"உங்க அழுகைய யாரு கேட்டா?" என்று அதட்டினாள். "அவ அழுதத அழுங்க."